முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன்

என் வீட்டுக்காரர் பல் நாற்காலி பழுதுபார்ப்பவர். பல் டாக்டரிடம் போனால் நம்மை மல்லாக்கச் சாய்த்துப் படுக்கவைப்பார்களே, அந்த நாற்காலி. அது மேலே ஏறும், கீழே இறங்கும், தண்ணீர் பீய்ச்சும், காற்று ஊதும், எச்சிலை உறிஞ்சும். இவ்வளவு வேலை செய்கிற ஒன்று அவ்வப்போது மக்கர் பண்ணத்தானே செய்யும்? அப்போது இவரைக் கூப்பிடுவார்கள். டாக்டர்கள் வட்டாரத்தில் இவருக்கு நாற்காலிக்காரர் என்று பெயர். பத்தொன்பது வருஷம் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு இதைச் செய்தார். இப்போது சொந்தமாகச் செய்கிறார். சொல்ல இரண்டு வாக்கியம்தான். ஆனால் முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவதுக்கு அவர் வந்து சேர்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கை பேசும், வாய் பேசாது. நாற்காலி ஏறும்போது வரும் சத்தத்தை வாசல்படியில் நின்று கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் கல்யாணமான இந்தப் பதினாறு வருஷத்தில் 'முடியாது' என்ற சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. மாடி வீட்டுக்காரர் ஓடாத மின்விசிறியைக் கொண்டுவந்து நீட்டினால் வாங்கிக்கொள்வார். அவருடைய தம்பி விடியற்காலையில் ரயிலடியில் கொண்டுபோய் விடச் சொன்னால், காய்ச்சலோடு எழுந்து போவார். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். அப்படிப்பட்டவர் பல் ஆஸ்பத்திரிகளை நம்பிப் பிழைக்கிறார்!

வேலையை விட்டதும் இந்தக் குணத்தால்தான். கம்பெனிக்குப் புதிதாக வந்த மேனேஜர் இவரைக் கூப்பிட்டு, "இனிமே ரிப்பேர் பண்ணாதீங்க. பழசு தேறாதுன்னு சொல்லிட்டு புதுசை விக்கப் பாருங்க" என்றாராம். இவருக்கு அது பிடிக்கவில்லை. நன்றாக இருக்கிற நாற்காலியைத் தேறாது என்று சொல்ல மனசு வரவில்லை. பிடிக்கவில்லை என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். இவர் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, மறுநாள் ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டார். 'முடியாது' என்று சொல்ல வாய் வராமல் வேலையையே விட்ட ஆள் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் கருவிப்பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்றார்.

"சொந்தமா பண்ணலாம்னு இருக்கேன்" என்றார்.

"எதை?"

"இதையேதான்."

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். என் சம்பளத்தை வைத்து மூன்று பேர் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தபோது எதுவும் சொல்லத் தோன்றவில்லை. ஒருவேளை அந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டதோ என்னவோ.

தொழிலைப் பதிவு செய்ய இருவரும் போனோம். கவுண்ட்டரில் கொடுத்த படிவத்தைச் சுவரோடு போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினார். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தும்விட்டார். கவுண்ட்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி இவரைப் பார்த்தார்.

"பணியாளர்னு போட்ட இடத்துல உங்க பேரை எழுதியிருக்கீங்க. உரிமையாளர்ங்கற இடம் காலியா இருக்கே. ஓனர் யாரு சார்?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். என்னை! அந்த அம்மாளும் என்னைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவர்தாங்க" என்றேன். படிவத்தை வாங்கி நானே நிரப்பினேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டின் பின்பக்கம் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்தோம். பழைய இஸ்திரி மேஜை வேலை மேஜையானது. சுவரில் ஆணி அடித்து ரப்பர் குழாய்களை அளவுவாரியாகச் சுருட்டி மாட்டினார். திருகாணிகளுக்கு என் அலமாரியிலிருந்த மசாலா டப்பாக்கள் போயின. கிளினிக்கை மூடிய ஒரு டாக்டரிடமிருந்து உதிரி பாகத்துக்காக முழு நாற்காலி ஒன்றை வாங்கி வந்தார். அது அறைக்குள் நுழையவில்லை. கூடத்தில் ஜன்னலோரம் போட்டோம். எங்கள் மகள் அதில் சாய்ந்து படுத்துத்தான் பரீட்சைக்குப் படித்தாள். பாடம் புரியவில்லை என்றால் மேலே ஏற்றுவாள், புரிந்தால் கீழே இறக்குவாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அதில் உட்கார்ந்ததும் ஏன் என்று தெரியாமல் எல்லோரும் வாயைத் திறந்தார்கள்.

விசிட்டிங் கார்டில் என் போன் நம்பரைப் போட்டோம். இவர் நாற்காலிக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்திருக்கும்போது போன் அடித்தால் எடுக்க முடியாது, கையெல்லாம் எண்ணெய். அதனால் கூப்பிடுகிறவர்கள் என்னிடம் சொல்வார்கள், நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன்.

நான் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. மூன்று மாதத்தில் வாரம் முழுக்க வேலை வந்தது. எனக்கே ஆச்சரியம். இன்னொரு ஆச்சரியமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தார். ஆறு மணிக்கு மேல் யார் கூப்பிட்டாலும் போகவில்லை. பரவாயில்லையே, சொந்தத் தொழில் ஆளை மாற்றிவிட்டதே என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

ஒருநாள் மதியம் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் வந்தது. ஏதோ ஒரு கிளினிக்கில் வரவேற்பில் இருக்கும் பெண்.

"அக்கா, உங்க முதலாளி கொஞ்சம் மனசு வைக்கக் கூடாதா? இந்த ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் நாற்காலிக்காரரை அனுப்பச் சொல்லுங்களேன்."

"எந்த முதலாளிம்மா?"

"உங்க முதலாளிதான் அக்கா. ரொம்ப கறாரான ஆளாமே. பாவம், அவரே சொல்லி வருத்தப்பட்டார்."

அன்று சாயங்காலம் இவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டேன். "யாருங்க அந்த முதலாளி?"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல விழித்தார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து சொன்னார். முதல் வாரம் ஒரு டாக்டர், 'சொன்ன தொகையில் பாதிக்கு முடித்துக் கொடுங்கள்' என்று கேட்டாராம். முடியாது என்று சொல்ல நினைத்து வாயைத் திறந்தபோது, பத்தொன்பது வருஷமாகச் சொல்லிப் பழகியது தானாக வந்துவிட்டதாம்: 'முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்.' சொன்ன பிறகு என்ன செய்வது? வெளியே போய் மாடிப்படியில் இரண்டு நிமிஷம் நின்றிருக்கிறார். திரும்பி வந்து, 'முதலாளி முடியாதுன்னுட்டார்' என்றிருக்கிறார். டாக்டர் மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டாராம்.

"என்னால முடியாதுன்னு சொல்ல முடியலம்மா. அவரால முடியுது" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம்தான் ஏறியது. வாடிக்கையாளர் எல்லோருக்கும் இந்த முதலாளியைத் தெரிந்திருந்தது. அவருக்கு அவசர வேலை என்றால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமையைத் தொட விடமாட்டார். தரமில்லாத பாகத்தைப் போட்டால் கத்துவார். நான் ஆசைப்பட்ட அத்தனை நல்ல குணமும் அந்த இல்லாத மனிதனிடம் இருந்தது. நான் கல்யாணம் செய்துகொண்டவரிடம் இல்லை.

"இதெல்லாம் நீங்களே சொல்ல வேண்டியதுங்க."

"சொல்றேன், சொல்றேன். கொஞ்ச நாள் போகட்டும்."

மகளுக்கு இது பெரிய விளையாட்டாகப் போய்விட்டது. "அப்பா, முதலாளிக்கு மீசை உண்டா?" என்பாள். "இன்னைக்கு வெளியில சாப்பிடலாமான்னு முதலாளிகிட்ட கேட்டுச் சொல்லுங்கப்பா" என்பாள். இவரும் சிரிப்பார். பொய் ஒன்று வீட்டுக்குள் வந்து, எங்களோடு நாலாவது ஆளாகச் சாப்பிட உட்கார்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் பழகிப்போனது.

இப்படியே தொழில் தொடங்கிப் பத்து மாதம் ஆனது. அப்போதுதான் ஒரு பல் டாக்டரம்மா கதைக்குள் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூன்று கிளினிக், மொத்தம் பதினொரு நாற்காலி. அவ்வப்போது இவரைக் கூப்பிட்டு வேலை வாங்கியவர், ஒருநாள் இவரைத் தன் அறையில் உட்கார வைத்துப் பேசினார்.

"தம்பி, உங்க கை மாதிரி கை நான் பார்த்ததில்ல. எதுக்கு அந்த ஆள்கிட்ட மாட்டிக்கிட்டு அவஸ்தைப்படறீங்க? அவரை விட்டுட்டு தனியா வாங்க. என் பதினொரு நாற்காலியையும் வருஷ ஒப்பந்தமா உங்ககிட்டயே குடுத்துடறேன். ஆனா அந்த முதலாளியோட ஒப்பந்தம்னா எனக்கு வேண்டாம்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது இவர் முகத்தில் ஈயாடவில்லை. பதினொரு நாற்காலி என்றால் எங்களுக்கு வருஷம் முழுக்க நிம்மதி. காலையில் எழுந்ததும் இன்று வேலை வருமா என்று போனைப் பார்க்க வேண்டியதில்லை. நான் நேரடியாகச் சொன்னேன்.

"நாளைக்கே போய், முதலாளியே நான்தான்னு சொல்லிடுங்க."

"பத்து மாசம் பொய் சொன்னவன்னு நினைப்பாங்களே."

"சொன்னீங்கதானே?"

இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். முதலாளி கடையை மூடிக்கொண்டு வெளியூர் போகிறார், மாதக் கடைசிக்குள் தனியாக வந்துவிடுகிறேன் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டார். ஒரு பொய்யை ஊருக்கு அனுப்பிவைக்க இன்னொரு பொய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பதினொரு நாற்காலி கண்ணுக்கு முன்னால் நின்றது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்த மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை, டாக்டரம்மாவின் இரண்டாவது கிளினிக்கில் ஒரு நாற்காலிக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை என்று கூப்பிட்டார்கள். இவர் போய்த் திறந்து பார்த்தால், உள்ளே தண்ணீர் வரும் ட்யூப் காய்ந்து விறைத்திருக்கிறது. மாற்ற வேண்டும். அந்த அளவில் புது ட்யூப் கையில் இல்லை, வர நாலு நாளாகும். அதுவரை நாற்காலியைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வெளியே ஆறு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "இன்னைக்குள்ள முடிஞ்சிடும்தானே தம்பி?" என்றார்.

இவர் தலையை ஆட்டினார். பழைய ட்யூபின் நுனியை வெட்டிவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டிக் கவ்வியை இறுக்கினார். "முதலாளி இதையே போட்டு ஓட்டச் சொல்லிட்டார், செவ்வாய்க்கிழமை மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சாயங்காலம் போகும்போது மெயின் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுப் போங்கள் என்று சொல்வதற்குக்கூட வாய் வரவில்லை. எங்கே 'ஏன்' என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் போன் அடித்தது. பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் டாக்டர் பேசறேன். உங்க முதலாளியை லைன்ல குடுங்க."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூடியிருந்த கிளினிக்கில் ட்யூப் வெடித்திருக்கிறது. தரை முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். மர அலமாரிகள் ஊறிப் புடைத்திருக்கின்றன. எக்ஸ்ரே அறைக் கதவைத் திறக்கவே முடியவில்லை. டாக்டரம்மா கத்தவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினார்.

"நாற்காலிக்காரர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லம்மா. அவர் சொன்னதைச் செய்யற ஆளு. அந்தப் பழைய ட்யூபைப் போடச் சொன்னானே, அவன்தான் எனக்கு வேணும். அவனை வரச் சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இத்தனை மாதமாக இவரைத் திட்டிக்கொண்டிருந்த நான், நல்லது கெட்டது தெரிந்த நான், வாயைத் திறந்து சொன்னேன்: "முதலாளிகிட்ட சொல்றேன் டாக்டர்."

போனை வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். இவர் பின் அறையில் நாற்காலியைக் காலால் இயக்கும் மிதிகட்டை ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பழி முழுக்க முதலாளி மேலதான். உங்களை ஒண்ணும் சொல்லல. அவர் வெளியூர் போயிட்டார்னு சொல்லிடலாம். பேசாம இருந்தா பதினொண்ணும் உங்களுக்குத்தான்" என்றேன். நான்தான் சொன்னேன். மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

இவர் அந்த மிதிகட்டையை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு எழுந்து, வீட்டில் இருந்த பழைய துண்டுகளையெல்லாம் ஒரு பையில் திணித்தார். வாளி ஒன்றை எடுத்துக்கொண்டார். "நீயும் வா" என்றார்.

கிளினிக்கில் இரண்டு பெண்கள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"எங்க உங்க முதலாளி? வரலையா?"

"வந்திருக்கார் மேடம்" என்றார் இவர். குரல் உள்ளே போனது. மறுபடி சொன்னார். "நான்தான் முதலாளி. அந்த ட்யூபைப் போட்டதும் நான்தான். போடலாம்னு முடிவு பண்ணதும் நான்தான். வேற யாரும் இல்ல மேடம். எப்பவுமே இல்ல."

டாக்டரம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப ஞாயித்துக்கிழமை வர முடியாதுன்னு சொன்னது?"

"நான்தான்."

"மட்டமான பாகம் போட்டா கத்துவார்னு சொன்னீங்களே?"

"நான்தான் மேடம். கத்தறதில்ல. மனசுக்குள்ள."

தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இவரை மேலும் கீழும் பார்த்தார். நான் துண்டுப் பையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினொரு நாற்காலியும் தண்ணீரோடு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது போல இருந்தது.

"சரி" என்றார் கடைசியில். "இன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு நாலு பேர் வர்றாங்க. இந்த நாற்காலியை அதுக்குள்ள தயார் பண்ணிக் குடுங்க. மத்ததைப் பிறகு பேசலாம்."

இவர் வாயைத் திறந்தார். "மு" என்று ஆரம்பித்தார். கண் தானாக மாடிப்படிப் பக்கம் போனது. போய் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு வர அங்கே இடம் இருந்தது. பதினாறு வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன், அவர் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

"முடியாது மேடம்" என்றார். "புது ட்யூப் நாளைக்குத்தான் வரும். புதன்கிழமை காலையில குடுக்கறேன். அதுவரைக்கும் இதுல யாரையும் உட்கார வைக்கக் கூடாது. அப்புறம், தினமும் சாயங்காலம் மெயின் குழாயை மூடிட்டுத்தான் போகணும். வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும், சொல்லல. தப்புதான்."

காது சிவந்துபோய் நின்றார். டாக்டரம்மா வரவேற்பில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, நாலு பேரையும் வேறு நாளைக்கு மாற்றச் சொன்னார். அவ்வளவுதான். நாங்கள் குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. தரையில் இருந்த தண்ணீரோடு அது யாருக்கும் தெரிந்திருக்காது.

புதன்கிழமை இவர் தனியாகத்தான் போனார். சொன்னபடி ட்யூபை மாற்றினார். ஊறிப்போன அலமாரிக் கதவுகளையும் கழற்றிக் கொண்டுபோய்த் தன் பொறுப்பில் சரி செய்து கொடுப்பதாகச் சொன்னார். திரும்பி வந்தவரிடம் வாசலிலேயே கேட்டேன், "பதினொண்ணு?"

"நாலு" என்றார். "அந்த ஒரு கிளினிக் மட்டும். ஒரு வருஷம் பார்க்கறாங்களாம். அப்புறம்தான் மத்தது."

"போகட்டும். உடனே சரின்னு தலையை ஆட்டிட்டு வந்தீங்களாக்கும்?"

"இல்ல. வருஷத்துக்கு எத்தனை தடவை வரணும்னு அவங்க சொன்னது எனக்கு ஒத்துவரல. அதைச் சொன்னேன். அதுக்கு அவங்க, 'ஏன், முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றீங்களா'ன்னு கேட்டாங்க."

"நீங்க?"

"'கேட்டுட்டுத்தான் மேடம் சொல்றேன்'னேன்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு கருவிப்பையிலிருந்து ஒரு பழைய விசிட்டிங் கார்டை எடுத்து, என் போன் நம்பரைப் பேனாவால் அடித்துவிட்டு, அதன் கீழே தன் நம்பரை எழுதி, அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி என்னிடம் நீட்டினார்.